தொட்டிக்குள்ளிருந்து இரண்டு மார்க்

மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் குந்தியபடி வானொலி நிலையத்துக்குப் போன் போட்டது கொத்தனார் செய்த முதல் தப்பு. முதல் தடவையே லைன் கிடைத்தது இரண்டாவது தப்பு.

"வணக்கம்! 'பத்துக்கு எத்தனை?' நிகழ்ச்சி! எண்பதுகளோட ஆரம்பத்துல ஊரையே ஆட வெச்ச ஹிட் பாட்டுகளுக்கு நீங்க மார்க் போடுற நேரம். இந்த மாசத்துப் பாட்டு 'டிம்பா டிம்பா டூ'. சொல்லுங்கண்ணா, பத்துக்கு எத்தனை?" என்றான் அறிவிப்பாளன். காலையில் தேன் குடித்துவிட்டு வந்தவன் போன்ற குரல்.

"ரெண்டு."

"ரெண்டா! ஏண்ணா?"

கொத்தனாரின் ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் போன். தொண்டையில் முப்பத்தைந்து வருட ஆத்திரம்.

"அது பாட்டா தம்பி? அஸ்திவாரமே போடாம மாடி கட்டின மாதிரி இருக்கு. ஆரம்பத்துல ஒரு மிஷின் கை தட்டுது பாருங்க, டப் டப்னு. நான் சாந்தைத் தூக்கிச் சுவத்துல அடிச்சாக்கூட அதைவிட உயிரா இருக்கும். 'டிம்பா டூ'ங்கிற ஒரே வரியை இருபத்து மூணு தடவை பாடுறான். எண்ணியிருக்கேன். ஒரு சுவத்துக்கு யாராவது இருபத்து மூணு தடவை வெள்ளையடிப்பாங்களா? நடுவுல ஒருத்தன் சாக்ஸபோனைத் தூக்கிட்டு வரான். யார் கூப்பிட்டாங்க, எதுக்கு வந்தான், எப்பப் போனான், ஒண்ணும் தெரியல. சரி, கடைசியிலயாவது ஒழுங்கா முடிக்கிறானா? சத்தம் கொஞ்சம் கொஞ்சமாத் தேஞ்சு காணாமப் போகுது. வேலையை முடிக்காம, சொல்லாம கொள்ளாம நழுவுற எலக்ட்ரீஷியன் மாதிரி!"

"அப்போ அந்த ரெண்டு மார்க் எதுக்குண்ணா?"

"மூணு நிமிஷத்துல தீந்துடுதே, அதுக்கு."

தொட்டியின் நாலு சுவரும் அவர் குரலை வாங்கிப் பெரிதாக்கித் திருப்பிக் கொடுத்தன. கேட்பவர்களுக்குக் கிணற்றுக்குள்ளிருந்து ஒரு மகான் பேசுவதுபோல் இருந்தது. அறிவிப்பாளன் சிரித்துச் சிரித்து இருமினான்.

"எங்கேருந்துண்ணா பேசுறீங்க?"

"தொட்டிக்குள்ளேருந்து."

"நேயர்களே, நம்ம தொட்டி அண்ணன்! மாசக் கடைசியில சராசரி அஞ்சுக்குக் கீழ போச்சுன்னா, இந்தப் பாட்டு நம்ம நிலையத்துல இனி ஜென்மத்துக்கும் வராது. அஞ்சைத் தாண்டினா தினமும் காலை ஏழு மணிக்கு வரும்!"

கொத்தனார் போனை வைத்தார். மனசு லேசாக இருந்தது. கீழே போய் டீ குடிக்கும் வரைக்கும்தான் அந்த லேசு. டீக் கிளாஸ் பாதியில் நின்றது.

வீட்டில் மனைவியும் இந்த நிகழ்ச்சியைத்தான் கேட்பாள்.

அந்தப் பாட்டு அவள் பாட்டு. கல்யாணமான முதல் வாரம் பக்கத்து வீட்டு ரேடியோவில் அது ஓடியது. தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்த மனைவியின் கால் தாளம் தப்பாமல் ஆடிக்கொண்டிருந்ததைப் புது மாப்பிள்ளை பார்த்தார். மறுநாளே போய் அந்த இசைத்தட்டை வாங்கிக்கொண்டு வந்து நீட்டினார். அவர் வாங்கிக் கொடுத்த முதல் பரிசு. அவள் முகம் மலர்ந்தது. அன்றிலிருந்து ஞாயிறு தவறியதில்லை. இசைத்தட்டு தேய்ந்து கேசட் வந்தது, கேசட் சிக்கிப் பென் டிரைவ் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு 'டிம்பா டிம்பா டூ'. அவளுக்காக அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். சொன்னால் உடைந்துபோவாள் என்று எவரிடமும் மூச்சு விட்டதில்லை. இன்றைக்குத்தான் விட்டார். ஊருக்கே கேட்கிற மாதிரி விட்டார்.

வீட்டுக்குள் நுழையும்போது மனைவி நூலைப் பல்லால் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தாள்.

"கேட்டீங்களா சேதியை? எவனோ ஒருத்தன் நம்ம பாட்டுக்கு ரெண்டு மார்க் குடுத்திருக்கான். தொட்டி அண்ணனாம்! அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும். வாயை ரெட்டைத் தையல் போட்டுத் தெச்சிடுறேன்."

அவளுக்குக் குரல் அடையாளம் தெரியவில்லை. கொத்தனாருக்குப் போன உயிர் திரும்பியது. "அயோக்கியன். ரசனை கெட்டவன்" என்றார் அவசரமாக.

"நீங்க மனசு விட்டுடாதீங்க."

"நான் எதுக்கு விடுறேன்? உனக்குத்தான் கஷ்டமா இருக்கும். இரு, நம்ம பாட்டைப் போடுறேன்."

"இன்னிக்குப் புதன்கிழமைதானே?" என்றாள் அவள். பிறகு சிரித்தாள். "போடுங்க, போடுங்க."

ஆறுதலுக்காக மூன்று தடவை போட்டார். மொத்தம் அறுபத்தொன்பது 'டிம்பா டூ'. அவள் கூடவே முணுமுணுத்தாள். பாவம், எவ்வளவு பிரியம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த புதன்கிழமை மறுபடியும் தொட்டிக்குள் இறங்கினார்.

"தம்பி, நான் தொட்டி அண்ணன். போன வாரம் தெரியாம சொல்லிட்டேன். பத்து போட்டுக்குங்க."

அறிவிப்பாளன் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணா, உங்களை யாராவது மிரட்டுறாங்களா?"

"சேச்சே."

"பக்கத்துல யாராவது இருக்காங்களா? ஆமான்னா ஒரு தடவை இருமுங்க."

சிமெண்ட் தூசி மூக்கில் ஏறிய நேரம் அது. கொத்தனார் ஏழெட்டுத் தடவை இருமினார்.

அவ்வளவுதான். தொட்டி அண்ணனை எவனோ தொட்டிக்குள் அடைத்துவைத்துப் பத்து மார்க் பிடுங்குகிறான் என்று ஊரே கொதித்தது. அண்ணனுக்கு ஆதரவாக நாற்பது பேர் போன் செய்து ஆளுக்கு ஒரு மார்க் போட்டார்கள். ஆறில் இருந்த சராசரி நாலுக்கு இறங்கியது.

அன்றிரவு கொத்தனாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி தட்டையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாட்டுக்காகவா?"

"ம்."

அவள் எச்சில் விழுங்கினாள். எழுந்து போய்ப் பென் டிரைவைச் சொருகினாள்.

மூன்றாவது வாரம் கொத்தனார் வேலைத்தளத்தில் கூட்டணி சேர்த்தார். டைல்ஸ்காரரும் கலவைக்கார அக்காவும் பெயிண்டரும் சோற்றுத் தூக்கைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டார்கள்.

"ஆளுக்கொரு போன். ஆளுக்குப் பத்து மார்க். அவ்வளவுதான்" என்றார் கொத்தனார்.

"பத்தா? என் மனசாட்சிப்படி நாலரைதான்" என்றார் பெயிண்டர். "அந்த வருஷத்துப் பாட்டுல எல்லாம் குரலைவிட மிஷின்தான் ஜாஸ்தி."

"மிஷின்னா என்ன கொறைச்சல்?" என்றாள் கலவைக்கார அக்கா. "அந்த டிரம் சத்தம் நம்ம கலவை மிஷின் சுத்துற மாதிரியே இருக்கும். நான் ஏழு குடுப்பேன்."

"எனக்கு அந்த சாக்ஸபோன் பிடிக்கும். கேட்டா அழுகை வரும்" என்றார் டைல்ஸ்காரர்.

"எல்லாருக்கும்தான் வருது" என்றார் கொத்தனார். "விமர்சனம் அப்புறம். என் குடும்பம் இதுல தொங்கிட்டு இருக்கு. பத்து!"

பாதி கட்டிய அந்தக் கட்டடத்தில் போனுக்குச் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் மாடித் தொட்டிதான். வரிசையில் நின்று ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

"பத்து!" என்றது ஒரு கிணற்றுக் குரல். "பத்து!" என்றது ஒரு கிணற்றுப் பெண்குரல். "மனசாட்சியைக் கழட்டி வெச்சிட்டு, பத்து!" என்றது மூன்றாவது.

"நேயர்களே," என்றான் அறிவிப்பாளன், "இன்னிக்கு ஊர்ல தொட்டிகள் மாநாடு ஏதாவது நடக்குதா?"

கள்ள ஓட்டு என்று எல்லாப் பத்தும் ரத்தானது. சராசரி மூன்று. கூடவே ஓர் அறிவிப்பும் வந்தது. அடுத்த புதன்கிழமை உண்மையான தொட்டி அண்ணன் நேரில் வரவேண்டும். மைக் முன்னால் அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் தீர்ப்பு. பத்து என்றால் பாட்டு பிழைக்கும். வராவிட்டால் செத்தது.

புதன்கிழமை வெளியூரில் வேலை என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, நிலையத்துக்குப் போய்ப் பத்து சொல்லிவிடலாம் என்று கொத்தனார் நினைத்தார். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"நானும் போன் பண்ணிட்டேங்க. பாட்டுக்காகப் பேச ஒரு ஆள் வேணும்னாங்க. நான் வரேன்னு பேர் குடுத்துட்டேன். நீங்க இப்படி வாடிப்போய்க் கெடக்கிறதை என்னால பார்க்க முடியல. நீங்களும் கூட வரணும்."

மனைவியின் பக்கத்தில் கணவனாக உட்கார வேண்டும். அவளுக்கு எதிரில் தொட்டி அண்ணனாகவும் உட்கார வேண்டும். கொத்தனாருக்குத் தலை சுற்றியது. மறுநாள் டைல்ஸ்காரரின் காலில் விழாத குறை.

"நீ போய் உட்காரு. நீதான் தொட்டி அண்ணன். ஒரே வார்த்தை. பத்து. அவ்வளவுதான்."

"என் குரல் முழங்காதே?"

கொத்தனார் சாந்து ஒட்டியிருந்த பிளாஸ்டிக் வாளி ஒன்றைக் கழுவி நீட்டினார்.

புதன்கிழமை ஒலிப்பதிவு அறை. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய, தீப்பெட்டி அளவு இடம். மேசைக்கு அந்தப் பக்கம் அறிவிப்பாளன், இந்தப் பக்கம் மனைவியும் கொத்தனாரும். ஓரத்தில், வருகிற போன்களை எடுத்து மார்க் குறித்துக்கொள்ளும் பெண் நோட்டும் கையுமாக நின்றாள். நடுவில் தலையில் வாளி கவிழ்த்த டைல்ஸ்காரர்.

"எதுக்குண்ணா வாளி?" என்றான் அறிவிப்பாளன்.

"கூச்சம்" என்றது வாளி.

மனைவி மைக்கைப் பிடித்தாள். "இந்தப் பாட்டுக்கு நான்... பத்து மார்க் குடுக்கிறேன்." கசாயம் விழுங்குபவள்போல ஒரு நொடி நிறுத்தினாள். "எங்க குடும்பத்துக்கு இது உயிர். முப்பத்தஞ்சு வருஷமா ஒரு ஞாயித்துக்கிழமைகூடத் தப்பினதில்ல. ஒண்ணுகூட."

கொத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்போ தீர்ப்பு! தொட்டி அண்ணா, பத்துக்கு எத்தனை?"

சிவப்பு விளக்கு எரிந்தது. டைல்ஸ்காரர் அதுவரைக்கும் மைக்கை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. வாளிக்குள் வியர்த்தது.

"பூ..." என்றார். சொல்ல வந்தது என்னவென்று அவருக்கே தெரியாது.

"பூஜ்யமா?" அறிவிப்பாளன் எழுந்தே விட்டான். "நேயர்களே, அண்ணன் பூஜ்யம்னு..."

கொத்தனார் பாய்ந்தார். குனிந்து வாளியின் விளிம்புக்குக் கீழே வாயைக் கொண்டுபோய், ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு கத்தினார்.

"பத்துன்னு சொல்லித் தொலைய்யா!"

வாளி அந்தக் குரலை வாங்கியது. பெரிதாக்கியது. மைக்குக்குக் கொடுத்தது.

"அட!" என்றான் அறிவிப்பாளன். "இதுதானே அந்தக் குரல்!"

மனைவி மெதுவாகத் திரும்பினாள். கொத்தனார் வாளிக்குக் கீழேயிருந்து தலையை எடுத்தார். டைல்ஸ்காரர் எடுக்கவில்லை. உள்ளேயே பத்திரமாக இருந்துகொண்டார்.

"நீங்களா?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? அறுபது வயதுக் கொத்தனார் சின்னப் பிள்ளைபோலக் கையைப் பிசைந்தார்.

"நான்தாம்மா. மன்னிச்சுடு. எனக்கு அந்தப் பாட்டு முதல் நாள்லேருந்தே ஆகாது. உனக்குப் பிடிக்குமேன்னுதான் வாராவாரம் போட்டேன். நீ சந்தோஷமா இருந்தாப் போதும்னு இருந்தேன். உனக்கு உயிரான பாட்டை நானே கொன்னுட்டேன். வேணும்னா என் வாயைத் தெச்சுடு."

மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று கொத்தனார் பதறினார். அறிவிப்பாளன்கூடக் கண்ணைத் துடைத்தான்.

ஓரத்தில் நின்ற போன் பெண் மட்டும் நோட்டை மார்போடு அணைத்தபடி இரண்டு அடி முன்னால் வந்து மனைவியின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அம்மா, நீங்க மைக்ல பேசினப்பவே இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கேனேன்னு நெனச்சேன். ஆறு மாசமா வாராவாரம் போன் பண்ணி, 'எங்க வீட்டுக்காரர் ஆசையாப் போடுற பாட்டு, என்னால வாயைத் திறந்து சொல்ல முடியல, நீங்களே நிகழ்ச்சியில போட்டு நாலு பேர் காறித் துப்புற மாதிரி பண்ணி ஒழிச்சுக் கட்டுங்க'ன்னு கெஞ்சினது நீங்கதானே?"