தலைப்பட்டைக்கு எந்த வார் என்பது குறித்துத் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம், முழங்கால் போன மாதத்தைவிட நலம். நீயும் உன் மனைவியும் உன் தோல் கிடங்கும் குறையில்லாமல் இருக்க வேண்டுகிறேன். குதிரைக்குப் போய் பிளாஸ்டிக் மாட்டுவதா என்று நீ எழுதிய மூன்று பக்கமும் கிடைத்தது. அதில் ஒரே ஒரு முற்றுப்புள்ளி இருந்தது. நான் படித்த கான்வென்ட்டில் உன்னையும் சேர்த்திருக்கலாம்.

முதலில், அது வெறும் பிளாஸ்டிக் அல்ல. உள்ளே பாலியஸ்டர் நாடா, மேலே பூச்சு. என் மகளின் குதிரையேற்றப் பள்ளியில், புதிதாகக் கற்பவர்களை நம்பி ஏற்றக்கூடிய குதிரை ஒன்றுதான் உண்டு, எல்லோரும் டீச்சரம்மா என்று கூப்பிடும் கிழட்டுப் பெண்குதிரை. இரண்டு மாத மழையில் உன் தோல் வார்கள் எத்தனை எண்ணெய் போட்டும் பூஞ்சை பிடித்து, அதன் மூக்கிலும் கன்னத்திலும் புண் வந்துவிட்டது. இன்னொரு முறை புண் வந்தால் டீச்சரம்மாவை வேறு இடத்துக்கு அனுப்பிவிட வேண்டியதுதான் என்று கால்நடை டாக்டர் சொல்லிவிட்டார். என் மகள் தீவன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. ஆறு வகைப் பூச்சு வார்களுக்கு மாதிரி கேட்டு எழுதினேன்.

ஆறையும் ஒரு வாரம் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டேன். பிறகு ஐஸ் பெட்டியில் வைத்தேன், ஒன்று விறைத்து வெடித்தது. காரின் பின்கண்ணாடி ஓரம் வெயிலில் வைத்தேன், ஒன்று பிசுபிசுத்து இருக்கையோடு ஒட்டிக்கொண்டது, இன்னும் ஒட்டியிருக்கிறது. பளபளப்பானவை ஈரக்கையில் வழுக்குமோ என்று பார்க்க ஆள் வேண்டியிருந்ததால், விடுமுறையில் வீட்டிலிருந்த மாப்பிள்ளையின் தோளில் மாட்டி, சோப்புக் கையோடு தாழ்வாரத்தில் நாலு நடை ஓட்டினேன். நல்ல பிள்ளை. “அத்தை, இடது பக்கம் திருப்பறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க” என்று மட்டும் கேட்டார். ஏணி இரவல் கேட்க வந்த பக்கத்து வீட்டம்மாள் கேட்காமலே திரும்பிப் போனாள். முடிவு, கையில் பிடிக்கும் வாருக்குச் சொரசொரப்பான மங்கல் ரகம். கட்டிப்போடும்போது மாட்டும் தலைப்பட்டைக்கு, சிமென்ட் மூட்டையைப் பகல் முழுக்கத் தொங்கவிட்டும் அசையாத ரகம். எது அறுந்து போகாதோ அதுவே நல்லது, இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

புது வார் மாட்டிய நாலே வாரத்தில் புண் ஆறி ரோமம் முளைத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை டாக்டர் பார்க்க வந்தார். அந்த நேரம் பார்த்துக் கூரைத் தார்ப்பாய் படபடவென்று அடிக்க, கட்டியிருந்த டீச்சரம்மா மிரண்டு பின்னால் இழுத்தது. வார் அறுந்து போகவில்லை, கொக்கி நெளியவில்லை, வேலிக் கட்டைதான் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. ஆறடிக் கட்டையை இழுத்துக்கொண்டு போய் அது டாக்டரின் கார் பக்கத்தில் நின்றது. அவர் குதிரையின் கழுத்தை வெகுநேரம் தடவித் தடவிப் பார்த்தார். நான் வாரைப் பார்த்தேன். ஒரு தையல்கூட விடவில்லை. உன் தோல் இப்படி நின்றிருக்குமா? ஆகவே இந்த விவாதம் இத்துடன் முடிந்தது. தோல் என்ற சொல் இனி உன் கடிதத்தில் வர வேண்டாம்.

உனக்கும் உன் மனைவிக்கும் என் ஆசிகள். வேளைக்குச் சாப்பிடு, நிறுத்தி நிறுத்தி எழுது.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: டாக்டர் போகும்போது சொன்னதையும் எழுதிவிடுகிறேன். “அம்மா, கட்டை உளுத்திருந்ததால குதிரை பிழைச்சுது. நல்ல கட்டையா இருந்தா கழுத்து போயிருக்கும். தலைப்பட்டையில ஒரு இடமாவது அறுந்து விடணும்” என்றார். காதுக்குப் பின்னால் வரும் துண்டு மட்டும் மெல்லிய தோலாக இருக்க வேண்டுமாம். தொட்டால் அறுகிறது என்று நான் வருடா வருடம் உனக்குத் திருப்பி அனுப்பினேனே, அந்த ரகத்தில் பன்னிரண்டு துண்டு உடனே அனுப்பு. அக்காவுக்காயிற்றே என்று நல்லதாகப் பொறுக்கி அனுப்பிவிடாதே.