காக்கித்தாள் ஒட்டிய ஆல்பமும் உன் அக்காவின் மௌனமும்

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனரும், நம் சபை மாத இதழின் மாண்புமிகு ஆசிரியருமாகிய உனக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் இங்கே நான் சுகம், என் முழங்கால் அரைச் சுகம். உன் அக்காவின் சுகத்தை அவளிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும். அவள் பன்னிரண்டு நாளில் என்னிடம் இரண்டே வார்த்தைதான் பேசியிருக்கிறாள், அந்த இரண்டையும் கீழே எழுதியிருக்கிறேன். நீயும் உன் வீட்டுக்காரியான தங்கச்சியும் சகல நன்மைகளோடும் இருக்க ஜெபிக்கிறேன். உன் பத்திரிகைக்காகக் கொஞ்சம் குறைவாக ஜெபிக்கிறேன். போனில் பேசலாமென்று மூன்று தடவை கூப்பிட்டேன், மூன்று தடவையும் தங்கச்சிதான் எடுத்தாள், "அவர் இல்ல அண்ணா" என்று டொக்கென்று வைத்துவிட்டாள். இரண்டாவது தடவை பின்னால் நீ இருமியது எனக்குக் கேட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் பாட்டுக்குச் சும்மா இருந்தேன். "அத்தான், புதுசா வர்ற கிறிஸ்தவ ஆல்பம், ஆவிக்குரிய நாவல் எல்லாத்தையும் பத்தி உங்க சொந்த அபிப்பிராயத்தை எழுதுங்க, உள்ளதை உள்ளபடி எழுதுங்க, யாருக்கும் பயப்படாதீங்க" என்று என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து கெஞ்சியது யார்? நான் முப்பது வருஷம் பொதுத்தேர்வில் கணக்கு விடைத்தாள் திருத்தியவன். யார் பிள்ளை எழுதியது என்று தெரிந்தால் திருத்துகிறவன் கை தாராளமாகிவிடும். அதற்காகத்தான் விடைத்தாளில் பதிவெண்ணை மறைத்து அனுப்புவார்கள். அந்த முறையை நான் விடவில்லை. நீ அனுப்பிய ஒவ்வொரு சிடி அட்டையையும் நாவலையும் உன் அக்காவிடம் கொடுத்து, பாடினவர் எழுதினவர் பேர் எதுவும் என் கண்ணில் படாதபடி காக்கித்தாள் ஒட்டச் சொன்னேன். அவளும் ஒட்டிக் கொடுத்தாள். நம் சபைப் பாடகர் குழுவின் ஆல்பம் வந்தபோது மட்டும் இரண்டு சுற்றுப் பசை தடவினாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இனி என் அபிப்பிராயங்கள். அவற்றில் ஒரு எழுத்தைக்கூட நான் வாபஸ் வாங்கப் போவதில்லை. இந்தக் காலத்து ஆல்பங்களில் பாட்டு ஒரே வரிதான். அதையே விரல் விட்டு எண்ணினேன், ஒரு பாட்டில் நாற்பத்தொன்பது தடவை. ஆண்டவருக்கு என்ன ஞாபக மறதியா? பாட்டுக்கு முன்னால் காற்றடிக்கிற சத்தம், பாட்டுக்கு நடுவில் ஒருத்தர் அழுதுகொண்டே பேசுவது, அப்புறம் டிரம்ஸ்காரர் யார் மேலோ உள்ள கோபத்தைத் தீர்த்துக்கொள்வது. நாவல்கள் அதற்கு மேல். ஐந்து நாவல் அனுப்பினாய்; ஐந்திலும் கதாநாயகி நர்ஸ், ஐந்திலும் கதாநாயகன் பணக்கார நாத்திகன், பதினோராம் அத்தியாயத்தில் அவனுக்கு விபத்து, பதினான்காம் அத்தியாயத்தில் கட்டோடு படுத்தபடி மனந்திரும்புதல். ஏன், கையும் காலும் நன்றாக இருக்கிற மனுஷன் மனந்திரும்பவே கூடாதா? மூன்றாவது நாவல்தான் உச்சம். முப்பது வருஷம் கூட வாழ்ந்த பெண்டாட்டி போனில் பேசுகிறாள், புருஷனுக்கு யார் குரல் என்று தெரியவில்லையாம்! "இப்படியொரு மடையன் பூமியில் கிடையாது, நம்பும்படி இல்லை, பூஜ்யம்" என்று எழுதினேன். அதை அப்படியே போட்டாய். சந்தோஷம்.

ஆனால் எதைப் போடவில்லை என்று சொல்லட்டுமா? நீ ஒன்றையும் படிப்பதில்லை, ஸ்கேல் வைத்து அளந்து வெட்டுகிறாய். நம் சபை ஆல்பத்தின் நாலாவது பாட்டில், மூன்றாவது நிமிஷத்தில், ஒரு பெண் குரல் சுதியை விட்டுத் தனியாக வெளியூர் போகிறது, இவரை யார் மைக் பக்கம் விட்டது என்று நான் எழுதினதைப் பெரிய எழுத்தில் போட்டாய். அதே ஆல்பத்தின் ஏழாவது பாட்டுக்கு நான் தொண்ணூற்றாறு மார்க் போட்டு, பாராட்டிப் பதினோரு வரி எழுதியிருந்தேன். என் ஆயுசில் நான் யாருக்கும் எழுதாத பதினோரு வரி. அதை வெட்டிவிட்டு அந்த இடத்தில் நாற்காலி வாடகை விளம்பரம்! நல்லா இருப்பா நீ.

இதழ் வந்த அன்றிலிருந்து வீட்டில் பேச்சில்லை. தட்டு வரும், தண்ணீர் வரும், பதில் வராது. மூன்றாம் நாள் மேசை மேல் இதழ் கிடந்தது; அந்த மடையன் வரிக்குக் கீழே உன் அக்கா நீல மையால் கோடு போட்டிருந்தாள். என் நடையை ரசித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். போன செவ்வாய்க்கிழமை கடைவாய்ப்பல் அடைக்கப் போனேன். பல் டாக்டர்தான் நம் சபையில் கீபோர்டு வாசிக்கிறவர் என்பது உனக்குத் தெரியும். வாய் நிறையப் பஞ்சைத் திணித்துவிட்டு மனுஷன் சாவகாசமாகக் கேட்கிறார்: "ஆல்பத்துல உங்க வீட்டம்மாவும் பாடியிருக்காங்களே, உங்களுக்குத் தெரியாதா சார்? தெரிஞ்சிருந்தா இப்படி எழுதியிருப்பீங்களா?" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எந்தப் பாட்டுன்னு கேக்கணும், வாயில பஞ்சு. கையால நாலு விரலைக் காட்டிக் கேட்டேன். "நாலு நாள் ஒண்ணும் கடிக்காதீங்க சார்"ங்கறார். சனிக்கிழமை தோறும் பெண்கள் கூட்டம்னு சொல்லிட்டுப் போனாளே, அது ரெக்கார்டிங்கா! சுதி விட்டது யார்னு இதுக்கு மேல என்ன விசாரணை வேண்டியிருக்கு?

நேரா வீட்டுக்கு ஓடினேன். அவள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பாதி வாய் மரத்துப் போயிருந்தாலும் மனசார மன்னிப்புக் கேட்டேன்: "அந்த நாலாவது பாட்டுல சுதி விட்டது நீன்னு தெரியாமப் போச்சும்மா. தெரிஞ்சிருந்தா கொஞ்சம் மெதுவா எழுதியிருப்பேன். பரவாயில்ல, வயசாச்சுன்னா எல்லாருக்கும் குரல் ஆடும்." அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். என்னைப் பார்த்தாள். "நாலாவது பாட்டா?" என்றாள். மேலே சொன்ன இரண்டு வார்த்தை இவைதான். அப்புறம் என் சட்டையைப் பாதியிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒரு கை மட்டும் இஸ்திரி போட்ட அந்தச் சட்டையோடுதான் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டும் கோபம் ஏறினால் மனுஷன் என்னதான் செய்வான்? இந்த வீட்டில் இப்படி இருக்க என்னால் முடியவில்லை. வெறும் சுவரோடு எத்தனை நாள் பேசுவது? எனக்குப் பயமாக இருக்கிறது, சொல்லிவிட்டேன்.

ஆகவே வருகிற இதழின் முதல் பக்கத்தில், கட்டம் கட்டி, இதைப் போடு: "நாலாவது பாட்டில் சுதி விலகிய குரல் விமர்சகரின் மனைவியுடையது. அது பக்தியினால் நேர்ந்த விலகல். விமர்சகர் வருந்துகிறார்." ஒரு வார்த்தை மாறக் கூடாது. ஸ்கேலைத் தொடாதே. இனி எனக்கு ஆல்பமும் வேண்டாம், நாவலும் வேண்டாம்.

ஆண்டவர் உன்னையும் தங்கச்சியையும் ஆசீர்வதித்து, உனக்குப் படிக்கிற கண்ணையும் வெட்டாத கையையும் தந்தருள்வாராக.

இப்படிக்கு,
நொந்துபோன உன் அத்தான்

பி.கு.: மேலே கட்டம் கட்டச் சொன்னதைப் போட்டுவிடாதே! தலை போகிற காரியம். இந்தக் கடிதத்துக்கு உறை கிடைக்கவில்லை, நம் சபை ஆல்பத்தில் ஒட்டின காக்கித்தாளை எடுத்து உறை செய்யலாமென்று தண்ணீர் தொட்டுப் பிரித்தேன். இரண்டு சுற்றுப் பசை, அரை மணி நேரம் ஆயிற்று. உள்ளே பேர் இருக்கிறது. நாலாவது பாட்டு, தங்கச்சி. உன் வீட்டுக்காரியேதான்! போனை ஏன் டொக்குன்னு வைக்கிறான்னு இப்பப் புரியுது. நீ எதுக்கு ஒளிஞ்சுக்கிட்டு இருமறேன்னும் புரியுது. உன் பாடு உன்னோடு.

ஏழாவது பாட்டு உன் அக்கா. தனியாக, முழுப் பாட்டும். "யாரோ இளம்பெண், இருபத்தைந்து வயதிருக்கும், ஆண்டவருக்குக் காது கேட்கும் என்று நம்பி மெதுவாகப் பாடுகிற ஒரே ஆள் இவள்தான்" என்று நான் எழுதினது என் வீட்டில் எனக்குத் தட்டு வைக்கிறவளை. முப்பது வருஷமாக நான் பேப்பர் திருத்தும்போதெல்லாம் அவள் பாட்டு முணுமுணுத்தால் "ஷ்" என்றிருக்கிறேன். அப்புறம் குரல் எப்படித் தெரியும்? அந்த நாவலின் மடையனுக்கு நான் போட்ட பூஜ்யத்தையும் எடுத்துவிடு, அவன் நிஜமான ஆள்தான்.

என் கையெழுத்துப் பிரதியில் இருந்த பதினோரு வரியையும் அடுக்களை வாசலில் நின்று அவளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவள் முதுகைக் காட்டிக்கொண்டே கடைசி வரை கேட்டாள். திரும்பினாள். பேசிவிட்டாள்!

"அந்த மிச்ச நாலு மார்க் எங்கங்க போச்சு?" என்றாள்.

இன்னும் வாசலில்தான் நிற்கிறாள். முப்பது வருஷம் மார்க் போட்ட நான் மறுகூட்டல் போட்டுப் பார்க்கிறேன், அந்த நாலைக் காணோம். தங்கச்சி அனுமதித்தால் உடனே புறப்பட்டு வா.