எலுமிச்சம்பழம் குத்திய மடக்குக் கத்திகள்

நெய்வேலி,
ஆயுத பூஜை கழிந்த வாரம்.

என் மனைவியின் ஒரே தம்பியும், பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்துவருபவருமான மாப்பிள்ளை அசோக்குமாருக்கு வெள்ளைச்சாமி எழுதிக்கொள்வது. இங்கு உன் அக்கா சந்திரகலா நலம். நான் நலமில்லை. அங்கு நீ நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன. என் போனில் உன் எண்ணை முடக்கிவிட்டதால் இதைத் தபாலில் எழுதும்படி ஆகிவிட்டது.

நான் மடக்குக் கத்தி சேர்ப்பதும் போட்டோ எடுப்பதும் உனக்குத் தெரியும். ஆனால் ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை என்பதால் இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். கடையில் விற்கிற பளபளப்புக் கத்தி இல்லை அவை. கொல்லர் உலையில் காய்ச்சி அடித்து, எருமைக் கொம்பில் பிடி போட்டு, பித்தளை ஆணி அறைந்தவை. பத்து வருஷம், இருபது வருஷம் ஒருவன் வெற்றிலை நறுக்கியும் கயிறு அறுத்தும் புழங்கினால் அந்த இரும்பில் நீலம் பாய்ந்த ஒரு கருப்பு ஏறும். அதற்காகத்தான் ஷிப்டு முடிந்த கையோடு சந்தை சந்தையாக அலைந்தேன். காலை வெயிலில் மொட்டை மாடியில் வேட்டியை விரித்து அவற்றைப் படம் பிடித்தேன். கீழ்வீட்டு தேவயானி அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, நான் யாரையோ தீர்த்துக்கட்டப் போகிறேன் என்று செக்யூரிட்டியைக் கூப்பிட்டதும், நான் லுங்கியோடு நின்று விளக்கம் சொன்னதும் உனக்குச் சிரிப்பாக இருந்தது. சிரித்துவிட்டுப் போ என்று விட்டேன். கோடையில் நீ பலாப்பழத்தோடு வந்து, அரிவாள்மனை அடுக்களையில் இருக்க, என் கொம்புப் பிடிக் கத்தியை எடுத்து அறுத்து, பாலைத் துடைக்காமல் மடக்கி வைத்தாய். அது இன்றுவரை திறக்கவில்லை. அக்காளோடு பிறந்தவனாயிற்றே என்று அதையும் பொறுத்துக்கொண்டேன்.

ஆனால் இதைப் பொறுக்க முடியாது. புதுச்சேரியில் ஒரு புகைப்படச் சங்கத்தார் கண்காட்சி நடத்துகிறார்கள், என் கத்திப் படங்களைக் கேட்டிருக்கிறார்கள் என்று உன்னிடம் எவ்வளவு பெருமையாகச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் ஓவர்டைம் பார்க்க வா என்பதைத் தவிர வேறு எதற்கும் என்னை யாரும் கேட்டதில்லை மாப்பிள்ளை. பூஜை லீவில் நிதானமாகப் படமெடுத்து அனுப்பலாம் என்று எல்லாவற்றையும் எண்ணெய் போட்டுத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு, மைன்ஸில் பூஜைக்குப் போனேன். நான் ஓட்டும், நிலக்கரி வெட்டுகிற அந்த ராட்சச மெஷினுக்கு வாழை கட்டி, பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினால், சாமி முன்னால், நீ பலாப்பாலில் ஒட்டவைத்த அந்த ஒன்று நீங்கலாக என் கத்திகள் அத்தனையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கப்பட்டு, வெங்கலப் பாத்திரம் மாதிரி மின்னிக்கொண்டு, சந்தனம் குங்குமத்தோடு, முனைக்கு முனை ஓர் எலுமிச்சம்பழம் குத்தி, வரிசையாக இருக்கின்றன. பக்கத்தில் நீ வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருக்கிறாய்.

"என்னா மாமா இப்பிடி மொறைக்கிறீங்க? கத்தின்னா ஆயுதந்தானே? வருசம் பூரா அலமாரியில பூட்டி வெச்சிக்கினு, ஒரு நாளு சாமிக்குக் காட்டலன்னா வூட்டுக்கு ஆவாதுங்க" என்றாய்.

பழத்தையாவது பிடுங்கலாம் என்று கை நீட்டினேன். உன் அக்கா குறுக்கே வந்து நின்றாள். படைத்ததை மறுநாள் மறுபூஜைக்கு முன்னால் தொடக்கூடாதாம். எனக்கும் தெரியாதா அது? காலையில்தான் அத்தனை பெரிய மெஷினையே கும்பிட்டுவிட்டு வந்தவன், லீவு முடிந்ததும் அதே மெஷினில் ஏறப் போகிறவன். எனக்கும் பயந்தான். கையை மடக்கிக்கொண்டேன். எலுமிச்சைச் சாறு இரும்பைத் தின்னும் என்று தெரிந்தே, அது தின்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் பழத்தை உருவினால் அலகு முழுக்கச் சொறி பிடித்தாற்போல் வெள்ளையும் துருவும். அந்த நீலக் கருப்பு போனது போனதுதான், இனி நான் உயிரோடு இருக்கும்வரை வராது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ என் தோளில் தட்டி, "மின்னுது பாருங்க மாமா, இப்ப எடுங்க போட்டோவ" என்றாய். அந்தக் கையைத்தான் மறக்க முடியவில்லை.

ஆகையால் இத்தோடு சரி. இனி நீ இந்தக் குவார்ட்டர்ஸ் படியை மிதிக்கக் கூடாது. அக்காவுக்குப் பொங்கல் சீர் கொண்டுவருவதானால் கீழே படிக்கட்டோரம் வைத்துவிட்டு அப்படியே பஸ் ஏறவும். உன் மனைவி மலர்விழிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து நீண்ட ஆயுளோடு இருக்க என் ஆசிகள். உனக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
இனி உனக்கு மாமா அல்லாத,
வெள்ளைச்சாமி.

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் புதுச்சேரியிலிருந்து போன் வந்தது. பூஜையன்று நீ உன் போனில் எடுத்த படம் ஒன்றை உன் அக்கா எனக்குத் தெரியாமல் அவர்களுக்கு அனுப்பியிருக்கிறாள். கத்தி வரிசை, ஓரத்தில் உன் கட்டைவிரல் பாதி, பின்னால் யூனிபார்மோடு, எலுமிச்சம்பழத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும் நான். முன்பு மொட்டை மாடியில் நான் எடுத்தவை எதுவும் வேண்டாமாம், இதைத்தான் பெரிதாக்கி வாசலில் மாட்டப்போகிறார்களாம். விரலை வெட்டிவிடலாமே என்றேன், அதுதான் அழகு என்கிறார்கள். படம் எடுத்தவர் கையெழுத்து வேண்டுமாம். ஒரு முழு லீவு நாள் உட்கார்ந்து எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, அதனால் மேலே உள்ளதைப் படிக்காமல் உடனே கிளம்பி வா. படிக்கட்டில் நிற்க வேண்டாம், மேலே வந்து சாப்பிடலாம். திறப்பு விழாவுக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போவோம். படத்துக்குக் கீழே உன் பேர்தான் இருக்கும், எனக்குப் பேர் இல்லை. 'பக்தியில் உருகும் சுரங்கத் தொழிலாளி' என்று தலைப்பு வைத்திருக்கிறார்கள்.