கூலர் தொட்டியில் ஒரு பெருக்கல் குறி

இரும்பை நினைத்துக் கவலைப்பட்டே கல்யாணம் செய்துகொள்ள மறந்துபோன மனிதர் டெல்லியில் ஒருவர்தான் இருந்தார். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் எங்கள் மாடி வீட்டுக்காரர். ஏதோ அரசாங்க ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி. பெயரைச் சொன்னால் தபால்காரருக்கே தெரியாது. 'துரு சார்' என்றால் தெரு நாய்கூட வழிகாட்டும். வீட்டுக்கு வந்தால் நம்மை விட்டுவிட்டு ஜன்னல் கம்பியைத்தான் முதலில் நலம் விசாரிப்பார்.

'நானோ' என்ற சொல் அப்போதுதான் ஊருக்குள் நுழைந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத களிமண் துகள்களை எபாக்சிப் பிசினில் கலந்து ஒரு பூச்சு செய்திருந்தார். "தண்ணி உள்ள போக வழி தேடித் தேடியே களைச்சுப் போயிரும் சார்!" என்பார். கோடை முடிந்ததும் ஆய்வுக்கூடக் கமிட்டி கூடும். வீட்டுச் சாமானில் பூச்சு தாங்குகிறது என்று காட்டாவிட்டால் ஆராய்ச்சியையே மூடிவிடுவார்கள்.

ஏப்ரலில் ஜன்னல் கூலரை இறக்கி, அதில் தண்ணீர் நிற்கும் இரும்புத் தொட்டிக்குக் கறுப்புப் பெயின்ட் அடிப்பது டெல்லி வழக்கம். அந்த வருடம் பிளாக் முழுவதற்கும் தானே அடித்துத் தருவதாகக் கிளம்பினார். ஓசி என்றதும் க்யூ நின்றது. பளபளவென்று அடித்துக் கொடுத்தார். காய்ந்ததும் கத்தியை எடுத்து, ஒவ்வொரு தொட்டியிலும் இரும்பு தெரிகிற வரை பெருக்கல் குறி கீறினார்.

"அரே பாய்சாப், யே க்யா கியா!" என்ன காரியம் செய்துவிட்டீர்கள் என்று எதிர்வீட்டு பஞ்சாபிக்காரர் அலறினார்.

"கீறின இடத்திலேருந்து துரு பூச்சுக்கு அடியில பரவுதான்னு பாக்கணும்ல?" என்று இவர் என்னிடம் நியாயம் கேட்டார். மறுநாளே எல்லோரும் மேலே தார்ப் பெயின்ட்டை அப்பிவிட்டார்கள். மிஞ்சியது எங்கள் கூலர் ஒன்றுதான்.

அதோடு விட்டாரா? துரு சீக்கிரம் வரட்டும் என்று எங்கள் தொட்டியில் கல் உப்பைக் கொட்டினார். மே மாதம் முழுவதும் வீட்டுக்குள் கடல் காற்று. உதட்டை நக்கினால் கரித்தது. ஜன்னல் கம்பி, டிரங்குப் பெட்டி, அரிவாள்மணை எல்லாம் துருப்பிடித்தன.

"அண்ணே, தொட்டி பிழைச்சாலும் நாங்க பிழைக்க மாட்டோம். கபாடிக்காரன்ட்ட பழைய இரும்புக்குப் போடப் போறேன்!" என்று என் மனைவி சீறினாள்.

"மழை வர்ற வரைக்கும் பொறு தங்கச்சி. இது ஒண்ணுதாம்மா என் கையில மிச்சம் இருக்கு." அவள் உள்ளே போய்க் காபி கலந்து கொண்டுவந்தாள்.

மழை வந்தது. தண்ணீரைக் கொட்டிவிட்டு, லென்ஸோடு தொட்டிக்குள் தலையை விட்டார். கீறலில் மட்டும் செம்மண் நிறத்தில் ஒரு கோடு. கத்தி முனையால் பூச்சை நெம்பினார். அடியில் இரும்பு பளிச்சென்று இருந்தது. "பரவலை சார்! ஒரு இழைகூடப் பரவலை!" என்று தொட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார். பார்த்தவர்கள் திருட்டு என்றே நினைத்தார்கள்.

கமிட்டி சம்மதித்தது, கடலோர ஊர் ஒன்றுக்கு மாற்றலும் வந்தது. போகுமுன் எங்களுக்குப் புதுக் கூலர் வாங்கித் தந்தார். பிளாஸ்டிக் பாடி. "இனிமே துருங்கிற பேச்சே இல்ல தங்கச்சி" என்று சிரித்துவிட்டுப் போனார். மாடிப்படியை நிமிர்ந்து பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று மாலை கூலருக்கு ஸ்விட்ச் போடப் போனேன். என் மனைவி கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"துருவே பிடிக்காதுன்னா, அண்ணன் எதுக்குங்க இனிமே நம்ம வீட்டுக்கு வரப்போறாரு?"