கடலுக்குப் பின்னால் இரண்டு மலை

அன்புத் தங்கை லூயிசாவுக்கு அண்ணன் பவுல்சாமி எழுதுவது.

ஆண்டவர் கிருபையில் பட்டினப்பாக்கத்தில் எல்லோரும் சுகம், என் மானம் ஒன்றைத் தவிர. நீயும் சுகமாகச் சும்மா இருந்திருக்கலாம். என் மகளுக்கு அந்த மயிலாப்பூர் ஓவிய சிகிச்சை வகுப்பைச் சிபாரிசு செய்தாயே, மகராசி!

ஜொவிட்டாவுக்கு விரல் மடங்காது, கால் நடக்காது. அதற்கேற்ப எல்லாவற்றையும் மாற்றித் தருவோம் என்றார் நாஸியா மிஸ். மாற்றினார். பிரஷ் காம்பில் சைக்கிள் டியூபைச் சுற்றிப் பூரிக்கட்டை பருமனாக்கி, பிள்ளையின் உள்ளங்கையோடு பட்டை போட்டுக் கட்டினார். இருபத்திரண்டு வருஷ டிராயிங் மாஸ்டர் சும்மா இருக்க முடியுமா? மணிக்கட்டைப் பிடித்து ஒரே ஒரு கோடு போட்டேன். "சார், கைய எடுங்க. வராண்டாவுல நல்லா காத்து வருது, அங்க உக்காருங்க" என்றார். மறுவாரம் தரையெல்லாம் பேப்பர் ஒட்டி, சக்கர நாற்காலியின் சக்கரத்துக்கே பெயின்ட் பூசி ஓட்டச் சொன்னார். என்ன ஒரு கலை! அந்த நீலக் கோடு எங்கள் சமையலறை வரை வந்துதான் நின்றது.

அதோடு விட்டார்களா? கண்காட்சியாம், பிள்ளைகள் வீட்டிலேயே ஒரு படம் வரைந்து வரவேண்டுமாம். இவள் இரண்டு நாள் பாடுபட்டு ஊதா நிறத்தில் கடல் வரைந்தாள், படகு தலைகீழ். பெற்ற மனசு கேட்குமா? அவள் பள்ளிக்கூடம் போன நேரத்தில் கடலை நீலமாக்கி, படகை நிமிர்த்தி, பின்னால் இரண்டு மலையும் நடுவில் சூரியனும் போட்டேன். பட்டினப்பாக்கத்தில் மலை ஏது என்று கேட்காதே. நான் மலையில்லாமல் எந்தக் கடலையும் வரைந்ததில்லை.

கண்காட்சியில் ஜொவிட்டா அதைப் பார்த்தாள். "மிஸ், இது என்னுது இல்ல. எங்கப்பாவுது" என்றாள். நாஸியா மிஸ் ஒரு வார்த்தை திட்டவில்லை. அட்டையில் 'பவுல்சாமி, வயது 51' என்று எழுதி, பிள்ளைகள் படங்களுக்கு நடுவே மாட்டிவிட்டார். முன்பின் தெரியாத ஒரு அம்மா என்னிடம் வந்து, "கை நல்லா திரும்பிக்கினு வருது சார், விட்றாதீங்க" என்று தைரியம் சொன்னார்.

மூன்று நாளாக மகள் என்னோடு பேசவில்லை. வீடு வீடாகவே இல்லை லூயிசா, தாங்க முடியவில்லை. அந்த வகுப்பு வாசலை மிதிக்க எனக்கு முகமில்லை. சிபாரிசு செய்த நீயே போன் பண்ணி அவள் பெயரை அடித்துவிடச் சொல்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகளை மாதா காப்பாளாக.

இப்படிக்கு,
அவமானப்பட்ட அண்ணன்
பவுல்சாமி

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது ஜொவிட்டா கூப்பிட்டாள். "அப்பா, பேப்பர் நகருது. புடிச்சிக்கோ. அவ்ளோதான்." பிடித்தேன். என்னைத்தான் வரைந்தாள். தலை, மீசை, சட்டை எல்லாம் இருந்தது. கை மட்டும் இல்லை. ஏன்டா என்றேன். "கை இல்லேன்னா நீ ரொம்ப நல்ல அப்பா" என்றாள். படத்தை அப்படியே சுவரில் ஒட்டியிருக்கிறேன். நீ போன் கீன் பண்ணித் தொலைக்காதே.