கிராணி புதைத்த சணப்பு

கல்யாணத்துக்கு நிற்கும் ஆண்பிள்ளை மண்வெட்டியைத் தொடக்கூடாது. தொட்டே தீரவேண்டும் என்றால் முழங்கால் ஆழத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நான் இடுப்பளவு தோண்டினேன். அதன் பலனை இன்றுவரை, பேரன் பேத்திகள் முன்னிலையிலும் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்போது நான் மலாயாவில், லாயாங் லாயாங் ஸ்டேஷனிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆபீஸ் கிராணி, கணக்கு எழுதும் குமாஸ்தா. வெள்ளைக் கால்சட்டை, நடுவகிடு, காதில் பென்சில். (ஆபீஸ் மூடிய பிறகும் பென்சில் காதிலேயே இருக்கும். வெறும் ஆள் என்று யாராவது நினைத்துவிட்டால்?) ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கிராணிமார்களுக்கும் எந்த நேரம் சீட்டுக் கிழியும் என்று தெரியாது. அதனால் துரை ஒரு கட்டளை போட்டார்: வீடு கொடுக்கப்பட்ட ஒவ்வொருவரும் வீட்டுக்குப் பின்னால் காய்கறி போட்டே ஆகவேண்டும்.

என் வீட்டுக் கொல்லை செம்மண் கட்டாந்தரை. துரை வந்து பார்த்தார், பூட்ஸ் காலால் தட்டினார், இந்த மண்ணுக்கு முதலில் பசுந்தாள் உரம் வேண்டும் என்றார். சணப்பு விதைத்து, அது பூத்ததும் மடக்கி மண்ணுக்குள் போட்டுவிட வேண்டும் என்று ஆரம்பித்தார். துரை ஒரு வாக்கியத்தின் பாதியில் இருக்கும்போதே "எஸ் சார்" சொல்லிவிடுவது என் வழக்கம். சுறுசுறுப்பானவன் என்று பெயர் வாங்க நானே கண்டுபிடித்த வழி. அன்று நான் சொன்ன எஸ் சாரில் மீதி வாக்கியம் மூழ்கிப்போனது. சிறிது சிறிதாக நறுக்க வேண்டும், மேல்மண்ணோடு கலக்க வேண்டும், மட்கும் வரை எதையும் நடாமல் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த மீதியில்தான் இருந்திருக்கிறது.

சணப்பு முளைத்தது. முளைத்ததா, சீறிக்கொண்டு எழுந்தது. நெஞ்சளவு வளர்ந்து மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நின்றபோது கூலிகள் குடியிருந்த லயத்துப் பெண்கள் வேலை முடிந்து போகிற வழியில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நான் தினமும் சாயங்காலம் அதன் நடுவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பேன். ஜொகூர் சுல்தான்கூட அப்படி நடந்திருக்கமாட்டார்.

இந்த நேரத்தில்தான் டிரசர் சவரிமுத்து வந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுவது அவருடைய உத்தியோகம். கல்யாணம் கட்டிவைப்பது பொழுதுபோக்கு. எனக்காகக் குளுவாங்கில் ஓர் இடம் பேசிக்கொண்டிருந்தார். பெண்ணின் பெயர் கமலம். தகப்பனார் வீராசாமி, ரயில்பாதைக் கங்காணி.

கமலத்தை நான் ஒரே ஒருமுறை குளுவாங் ஸ்டேஷனில் பார்த்திருந்தேன். கூடையில் ஒரு கோழியை வைத்துக்கொண்டு, கோழிக்கும் டிக்கெட் எடுக்கவேண்டும் என்ற ஆளிடம், அப்படியானால் கோழிக்கும் பெஞ்சில் இடம் கொடுங்கள் என்று வாதாடிக்கொண்டிருந்தாள். அந்த இடத்திலேயே எனக்கு மனசு போய்விட்டது. அந்தக் காலத்து மலாயாவில் நம் ஆண்களின் எண்ணிக்கைக்குப் பெண்கள் கிடையாது. கமலத்தைக் கேட்டு இன்னும் எத்தனை பேர் வரிசையில் நின்றார்களோ, நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

"கிராணி, நாயித்துக்கெழம வீராசாமி உங்க வீட்டப் பாக்க வராரு" என்றார் டிரசர். "சம்பளத்த அவரு நம்பமாட்டாரு. இன்னிக்கு இருக்கும், நாளைக்கு இருக்காதுன்றாரு. கொல்லையில என்ன வெளையுதுன்னுதான் கேட்டாரு. கத்திரி, வெண்டி, பாகல் எல்லாம் காய்ச்சுத் தொங்குதுன்னு சொல்லிட்டேன்."

நான் கொல்லையைக் காட்டினேன். அவர் சணப்பைப் பார்த்தார். சணப்பு காற்றில் அவரைப் பார்த்துத் தலையாட்டியது.

"அலமாக்" என்று மலாயில் ஐயையோ போட்டார் டிரசர்.

யோசித்தோம். அதாவது அவர் யோசித்தார், நான் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன். பழைய செடியெல்லாம் காய்த்து ஓய்ந்தது, பிடுங்கிவிட்டுப் புது நாற்று நட்டிருக்கிறோம் என்று சொல்லிவிடலாம் என்பது முடிவு. அதற்குச் சணப்பு மறைய வேண்டும். அன்றே மண்வெட்டியை எடுத்தேன். இடுப்பளவு நீளக் குழி தோண்டினேன். வேரோடு பிடுங்கிய சணப்பை நறுக்காமல், முழு ஆளைப் படுக்க வைப்பதுபோல நீட்டி நீட்டி அடுக்கினேன். மேலே ஒரு சாண் மண் போட்டு, பாத்தி கட்டி, தண்ணீர் தெளித்து, கடன் வாங்கிய கத்தரி நாற்றுகளை வரிசையாக நட்டேன். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. கமலம் அங்கே நின்று காய் பறிப்பதுபோல ஒருமுறை நினைத்தும் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் மழை பிடித்தது. அந்த வாரம் முழுக்க விடவில்லை. குழிக்குள் தண்ணீர் இறங்கி, பச்சைச் செடி அழுகி, ஒரு நாற்றம் கிளம்பியது பாருங்கள், அதை எழுத்தில் கொண்டுவர முடியாது, கொண்டுவந்தால் நீங்கள் படிக்கமாட்டீர்கள். பாத்தி தோசை மாவு மாதிரி உப்பியது. அங்கங்கே குமிழி விட்டது. நாற்றுகள் மஞ்சளாகிச் சாய்ந்தன. தோட்டத்து நாய்கள் என் வேலியோரமே குடியிருக்க ஆரம்பித்தன. நாற்றத்தை அடக்குகிறேன் என்று டிரசர் ஆஸ்பத்திரியிலிருந்து பினாயில் கொண்டுவந்து ஊற்றினார். அதற்குப் பிறகு அந்த இடத்தில் பிணவறை வாசனை வந்தது.

இதற்கிடையில் என் சமையல்காரன் முனியாண்டி சொல்லாமல் கொள்ளாமல் சிங்கப்பூருக்குப் போயிருந்தான். எனக்கு அது சமையல் கஷ்டமாகத்தான் தெரிந்தது. லயத்தில் வேறு மாதிரி கணக்குப் போட்டிருக்கிறார்கள். முனியாண்டியைக் காணோம், கிராணி ஆள் நீளத்துக்குக் குழி வெட்டினார், நாய்கள் அங்கேயே சுற்றுகின்றன, டிரசர் வேறு மருந்து ஊற்றுகிறார். எனக்குத் தினமும் வணக்கம் சொல்கிறவர்கள்கூட அந்த வாரம் நான்கடி தள்ளி நின்று சொன்னார்கள். என் மேல் மரியாதை கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வீராசாமி வந்தார். வெள்ளை வேட்டி, கறுப்புக் கோட்டு, கையில் குடை. சம்பந்தம் பேசி முடிவாகும்வரை பெண் வீட்டார் பையன் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அவர் அதில் மகா கண்டிப்பு. நான் நீட்டிய காப்பியைக் கையால் விலக்கினார்.

"இருக்கட்டும் தம்பி. கொல்லைய பாத்துட்டு ரெண்டு மணி ரயிலுக்குப் போயிருவேன்."

கொல்லைக்குப் போனோம். மூக்கைச் சுளித்தார். வாடை என்ன என்று கேட்டார். ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து காற்று என்றேன். நாற்று ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று கேட்டார். அது அந்த ரகம் என்றேன். (காதில் பென்சில் இருந்ததால் தைரியம்.) மண்ணை ஒரு பிடி அள்ளிப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி போலிருக்கிறது. நான் "வேண்டாம்" என்று வாயெடுப்பதற்குள் பாத்தி மேல் காலை வைத்துவிட்டார்.

ஒரு கால் தொடைவரை போனது. அதை எடுக்க மற்றக் காலை ஊன்றினார். அதுவும் போனது. கறுப்புக் கோட்டோடு இடுப்புவரை இறங்கி, குடையை மட்டும் உயரப் பிடித்துக்கொண்டு நின்றார். சுற்றிலும் குமிழி கொப்பளித்தது. நாய்கள் ஒன்றுசேர்ந்து ஊளையிட்டன. அந்தச் சத்தத்தில் லயமே வேலியோரம் கூடிவிட்டது. கூட்டத்திலிருந்து ஒரு பெண்குரல் மெதுவாகக் கேட்டது:

"முனியாண்டி கெடைச்சிட்டானா?"

வீராசாமி அந்தப் பக்கம் திரும்பினார். முனியாண்டி யார் என்று கேட்டார். நாலைந்து பேர் சேர்ந்து அவருக்கு விவரம் சொன்னார்கள். பிறகு அவர் தன்னைச் சுற்றியிருந்த சேற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். 'தம்பி' என்ற அழைப்பு போய்விட்டது.

"யோவ், யாரப் பொதைச்சு வச்சிருக்கே?"

கமலம் கைவிட்டுப் போய்க்கொண்டிருப்பது எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது.  வெள்ளைக் கால்சட்டையோடு குழிக்குள் குதித்தேன். அவர் கால் பக்கத்தில் கையை விட்டு ஒரு சணப்புத் தண்டை உருவினேன். இன்னொன்றை உருவினேன். "பாருங்க, செடிதான்! இதுவும் செடிதான்! இதுவும்!" என்று அழுகல் தண்டுகளைக் கட்டுக் கட்டாக எடுத்துக் கரையில் போட்டுக்கொண்டே இருந்தேன். முகமெல்லாம் சேறு, கண்ணில் தண்ணீர். கத்தரி, வெண்டை எல்லாமே பொய் என்பதையும் அந்த வேகத்தில் உளறிவிட்டேன். டிரசர் வாழைமரத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.

லயத்து ஆட்கள் கயிறு போட்டு அவரைக் கரையேற்றுவதற்குள் இரண்டு மணி ரயில் ஊதிக்கொண்டு போனது. வீராசாமியைக் குளிப்பாட்ட அரைக் கிணறு தண்ணீர் செலவானது. அவர் வேட்டி இனி வேட்டி ஆகாது. நிச்சயதார்த்தத்துக்கு என்று நான் வைத்திருந்த ஜரிகை வேட்டியைக் கொடுத்தேன். கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மழை பிடித்துக்கொண்டது. அடுத்த ரயில் சாயங்காலம்தான். டிரசர் வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பு வந்து இறங்கியது. வாசனை அவர் பக்கம் போனது. முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிக் குழம்புச் சட்டியைப் பார்த்தார். மறுபடி வாசல். மறுபடி சட்டி.

"அந்தக் குழிய நீயே வெட்டினியா? கூலியாள் வச்சியா?"

"நானே வெட்டினேங்க."

உள்ளங்கையைக் காட்டச் சொன்னார். கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. விரலால் தடவிப் பார்த்தார்.

"கூறு கெட்டவன்தான். சோம்பேறி இல்ல" என்றார், என்னிடம் அல்ல, சட்டியிடம். பிறகு இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சோத்தப் போடுங்க மாப்ளே."

இலை நிறையச் சோற்றை அள்ளி வைத்தேன்.

கல்யாணப் பந்தியில் பரிமாறியது முனியாண்டிதான். சிங்கப்பூரில் வேலை கிடைக்காமல் திரும்பியிருந்தான். ரசம் ஊற்ற வந்தவனின் கையை மாமனார் ஒரு கிள்ளு கிள்ளிப் பார்த்துவிட்டுத்தான் ரசம் வாங்கினார். சணப்பு நன்றாக மட்கிய பிறகு அதே பாத்தியில் கத்தரி காய்த்துக் கொட்டியது. அவருக்கும் கூடை கூடையாக அனுப்பினோம். சாப்பிடுவார். ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்தால், சிமெண்டுத் தரையாக இருந்தாலும், குடை நுனியால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் காலை வைப்பார். கடைசிவரை அப்படித்தான். இப்போதும் எங்கள் வீட்டில் மூக்குக்கண்ணாடியோ சாவியோ பேரனோ காணாமல் போனால், முதலில் கொல்லையைத் தோண்டிப் பார்க்கச் சொல்வார்கள்.

இந்தக் கதையை யார் சொன்னாலும் எல்லாரும் சிரிப்பார்கள். கமலம் மட்டும் வெற்றிலையை மடித்துக்கொண்டே முடியும்வரை பொறுமையாகக் கேட்டிருப்பாள். பிறகு சொல்வாள்:

"எங்கப்பாவுக்கென்ன, ஒரு மணி நேரத்துல தூக்கிட்டாங்க. அதுல விழுந்தவ நான். இன்னும் ஏறல."