காணாமல் போன டைம்கீப்பர்

"ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லேன்."

"புருசன் பேரையா? நாக்கு புரளாதுங்க."

"ஆத்தா போனப்புறம் என் பேரைச் சொல்ல ஆளே இல்ல. டிப்போவுல டைம்கீப்பர் சார். தெருவுல கௌசல்யா அப்பா. உனக்கு வெறும் 'ஏங்க'."

"அதுக்கு நான் என்ன செய்ய? வெஞ்சனம் இன்னும் கொஞ்சம் வச்சுக்கங்க."

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் நடந்த இந்தப் பேச்சு, ஞாயிற்றுக்கிழமை காலையிலும் பெருமாள்சாமியின் மனதை விட்டுப் போகவில்லை. திண்டுக்கல்லுக்கு வெளியே, குளத்துக்கரையில் போட்டிருந்த நடைபாதையில் மனைவியோடு நின்றுகொண்டிருந்தார். பறவை பார்க்கும் சங்கம் ஒன்று குடும்பங்களை அழைத்திருந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தாள். தூக்கணாங்குருவிக் கூடு, நத்தை ஓடு, மீன்கொத்தி என்று அதில் உள்ளதையெல்லாம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மகள் கௌசல்யா தாளைப் பிடுங்கிக்கொண்டு சைக்கிளில் எப்போதோ போய்விட்டாள்.

சங்கத்துப் பிராங்க்ளின் மைக்கில் சொன்னார்: "யாராச்சும் பிரிஞ்சு போயிட்டா பதறாதீங்க. பேரைச் சொல்லிச் சத்தமாக் கூப்பிடுங்க."

பெருமாள்சாமிக்கு யோசனை பிறந்தது.

"இந்தா, நீ முன்னால நட. செருப்புல முள்ளு."

அவள் நாலடி போனதும் சீமைக்கருவேலம் புதருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். சற்று நேரத்தில் அவள் குரல் வந்தது.

"ஏங்க..."

கரையில் போய்க்கொண்டிருந்த ஒன்பது கணவர்கள் ஒன்றாகத் திரும்பினார்கள். திரும்பிக்கொண்டே சைக்கிள் மிதித்த ஒருவர் வேலியில் போய் மோதினார்.

"என்னையவா கூப்பிட்டே?" என்று ஒருவர் தன் மனைவியிடம் கேட்டார்.

"இல்ல, அது வேற ஏங்க."

இன்னும் கொஞ்சம் பயம் காட்டினால்தான் பெயர் வெளியே வரும் என்று பெருமாள்சாமி கரைச் சரிவில் கோரைப்புல் மறைவாக இறங்கினார். சேறு முழங்கால்வரை விழுங்கியது. பலம்கொண்ட மட்டும் இழுத்தும் கால் வரவில்லை; சறுக்கும்போதே கழன்ற ஒரு செருப்பு மட்டும் தண்ணீரில் விழுந்து மிதந்து போனது.

மேலே நின்ற அவர் மனைவி பார்த்தது அந்தச் செருப்பைத்தான். பிராங்க்ளினிடம் ஓடினாள்.

"சார், எங்க வீட்டுக்காரரக் காணோம். செருப்பு தண்ணியில போகுது."

"பேரு என்னம்மா?"

"கௌசல்யா அப்பா."

"இங்க நாலு கௌசல்யா இருக்கும்மா. அவர் பேரச் சொல்லுங்க."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "திருப்பதியில நிக்கிறாருல்ல, அவரு."

பிராங்க்ளின் மைக்கைப் பிடித்தார். "வெங்கடாசலம், எங்க இருந்தாலும் உடனே வாங்க."

ஒருவர் வந்தார். அவரில்லை.

"ஏழுமலை." இருவர் வந்தார்கள்.

"சீனிவாசன்." வந்தவருக்கு எழுபது வயது. "இவரு என்ன செஞ்சாரு?" என்று கேட்டபடி அவர் மனைவியும் பின்னாலேயே வந்தார்.

தன் பெயரைத் தவிர மற்ற எல்லாப் பெயர்களையும் சேற்றில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார் பெருமாள்சாமி. இரண்டு பேர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு குளத்தில் இறங்கப் போவதைப் பார்த்ததும்தான் பயந்துபோய்க் கையைத் தூக்கினார்.

"இறங்காதீங்கப்பா. நான் இங்கனதான் இருக்கேன்."

அதே கயிற்றால் அவரை இழுத்துக் கரையில் போட்டார்கள்.

"என்ன சார் இது, குழந்தைக மாதிரி?" என்றார் பிராங்க்ளின்.

பெருமாள்சாமி தலையைக் குனிந்தார். "இவ வாயால என் பேரக் கேக்கணும்னு ஆசை. அம்புட்டுதான்."

கூட்டம் சிரித்தது. மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் அவர் கைச் சேற்றைத் துடைக்க ஆரம்பித்தாள்.

பிராங்க்ளின் நோட்டை விரித்தார். "சரி, நான் எழுதி வைக்கணும். காணாமப் போனவர் பேரு?"

"பெருமாள்சாமி."

"தேடுனவங்க பேரு?"

"இந்தா, சாருக்கு உன் பேரச் சொல்லு."

அவள் நிமிராமலே சொன்னாள்:

"நீங்களே சொல்லுங்க. பத்தொம்பது வருசமா நானும் வெறும் 'இந்தா'வாத்தான் இருக்கேன், ஒருக்காவாச்சும் என்னையப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க."